அம்மா முதல்முறையாகத் தனியாக விமானம் ஏறுகிறாள், வாசலுக்கு உள்ளே போனபிறகு என்ன செய்வாள்?

முக்கூடலான்:

வணக்கம். இவ்வளவு நாள் இங்கே வாசித்துவிட்டுப் போவதோடு சரி, இன்றுதான் முதலில் கேட்கிறேன். அக்கா அமெரிக்காவில் டல்லாஸில் இருக்கிறாள், இது எட்டாவது மாதம். அத்தானுக்கு லீவு இல்லை, எனக்கு விசா இல்லை, ஆகவே பிரசவத்துக்கு அம்மா தனியாகத்தான் போகவேண்டும். வயது 61. விமானம் என்ன, சென்னைக்கே வாழ்க்கையில் மூன்று தடவைதான் போயிருக்கிறாள், அதில் ஒன்று இந்த விசாவுக்காக.

டிக்கெட் எமிரேட்ஸ், சென்னையிலிருந்து துபாய், அங்கே மாறி டல்லாஸ். துபாயில் நாலரை மணி நேரம் இருக்கிறது. 15-ஆம் தேதி விடிகாலை 4 மணிக்குக் கொஞ்சம் முன்னால் சென்னையில் கிளம்புகிறது. 14-ஆம் தேதி இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் நானும் அவளும் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து விமான நிலையம் போவதாக இருக்கிறோம். ஆனால் வாசலுக்கு மேல் என்னை விடமாட்டார்களாம். பயமே அதற்கு அப்புறம்தான்.

அம்மா எட்டாம் வகுப்பு. தமிழ் தடையில்லாமல் வாசிப்பாள். இங்கிலீஷ் பெரிய எழுத்து என்றால் ஒவ்வொன்றாகக் கூட்டிச் சொல்லிவிடுவாள், சின்ன எழுத்து வராது. எண்களில் மட்டும் அவளை யாரும் ஏமாற்ற முடியாது, முப்பது வருஷம் பீடி சுற்றி எங்கள் இரண்டு பேரையும் படிக்கவைத்தவள், கடையில் ஒரு கட்டு குறைத்துக் கணக்கு எழுதினாலும் அங்கேயே நின்று சண்டை போடுவாள். அப்படிப்பட்டவள் இப்போது ராத்திரி தூங்கமாட்டேன் என்கிறாள். "வழி தெரியாம எங்கயாவது நின்னுட்டேன்னா?" என்று நேற்று மட்டும் நாலு தடவை கேட்டாள். உள்ளே எதற்கு அப்புறம் எது, கேட் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது, துபாயில் எப்படி மாறுவது, தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். நானும் இதுவரை விமானம் ஏறியது கிடையாது.

பாளை_பாண்டி:

வீல்சேர் போட்டுவிடுங்கள் அண்ணாச்சி, சோலி முடிந்தது. சென்னையில் ஏற்றிவிட்டு டல்லாஸில் உங்க அக்கா கையில் கொண்டுபோய்க் கொடுப்பான். எங்க பெரியம்மா மூன்று தடவை அப்படித்தான் போய்வந்தார்கள், கால் நல்லாத்தான் இருக்கு.

தேரா_தென்காசிக்காரன்:

தம்பி, நான் துபாயில் 14 வருஷம், வருஷத்துக்கு இரண்டு தடவையாவது இந்த வழியில் போய்வருகிறவன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், அம்மாவை உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள்.

சென்னையில் வெளிநாட்டு விமானமெல்லாம் டெர்மினல் 2. 2023 ஏப்ரலில் திறந்த புதுக் கட்டடம். ஆட்டோவிலோ காரிலோ வந்தால் புறப்பாடு என்று போட்டிருக்கும் மேல் பாதையில் ஏறச் சொல்லுங்கள், கீழே விட்டுவிட்டால் பெட்டியோடு லிஃப்ட் தேடவேண்டும். வாசலில் சிஐஎஸ்எஃப் (மத்தியப் பாதுகாப்புப் படை) ஆள் நிற்பார், டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் காட்டவேண்டும், டிக்கெட்டில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று இப்போதே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அந்த ஆள் தமிழராக இருக்கவேண்டும் என்று இல்லை. பேசவேண்டிய அவசியமும் இல்லை, தாளை நீட்டினால் போதும்.

உள்ளே போனதும் முதல் வேலை செக்-இன் கவுண்டர். பெட்டி போடுகிற இடம். பெரிய பலகையில் விமான எண்ணுக்கு நேராகக் கவுண்டர் எண் இருக்கும். அங்கே இரண்டு போர்டிங் பாஸ், அதாவது விமானம் ஏறும் சீட்டு, வாங்கவேண்டும், ஒன்று துபாய்வரை, ஒன்று துபாயிலிருந்து டல்லாஸ்வரை. ஒரே ஒன்றுதான் கொடுத்தார்கள் என்றால் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது, கேட்கவேண்டும். பெட்டியில் ஒட்டும் நீளச் சீட்டில் டிஎஃப்டபிள்யூ என்ற மூன்று எழுத்து இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அது டல்லாஸின் குறியீடு. அது இருந்தால் பெட்டியைத் துபாயில் தேடவேண்டியதில்லை. துபாய்க்கு டிஎக்ஸ்பி. சென்னைக்கு இன்னும் மெட்ராஸ் காலத்து எழுத்துதான், எம்ஏஏ, கூட்டி வாசித்தால் "மா" என்று வரும், அம்மாவுக்கு மறக்காது.

அப்புறம் இமிக்ரேஷன், நாட்டை விட்டுப் போகுமுன் பாஸ்போர்ட் பார்க்கிற இடம். முன்பு ஒரு அட்டை பூர்த்தி செய்யவேண்டியிருந்தது, 2017 ஜூலையோடு இந்தியர்களுக்கு அதை எடுத்துவிட்டார்கள், யாராவது "ஃபார்ம் எழுதித் தருகிறேன்" என்று வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். எங்கே போறீங்க, யார்கிட்ட, எத்தனை நாள், திரும்ப டிக்கெட் இருக்கா, இவ்வளவுதான் கேட்பார்கள். மகள் பிரசவத்துக்கு என்று உள்ளதைச் சொன்னால் போதும், கூடுதலாக ஒரு கதையும் வேண்டாம். முத்திரை குத்தித் தருவார்கள்.

அதற்கு அப்புறம்தான் பாதுகாப்புச் சோதனை. கைப்பை, போன், பவர் பேங்க் எல்லாம் ட்ரேயில். பெண்களுக்குத் திரை போட்ட தடுப்புக்குள்ளே பெண் காவலர்தான் சோதிப்பார். சேலையில் குத்திய ஊக்கு, வளையல், தாலிச் சங்கிலி எதுக்கும் கருவி கத்தும், கத்தினால் தப்பு செய்துவிட்டோம் என்று பதறவேண்டாம், எல்லாருக்கும் கத்துகிறது.

அது முடிந்ததும் நேரே சாமான் கடைக்குள்ளேதான் வழி விடுவார்கள், சாராயமும் செண்டுமாகக் கண்ணைப் பறிக்கும். வழி தப்பிவிட்டதோ என்று நிறைய பேர் திரும்பி நடப்பது அங்கேதான். அது வழிதான், நடுவில் நடந்து வெளியே வந்தால் கேட் எண்கள் தெரியும், கேட் என்றால் விமானத்துக்கு ஏறிப் போகிற வாசல்.

கேட் விஷயத்தில் ஒன்று. பஸ் ஸ்டாண்டு மாதிரி கூவிக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கக் கூடாது. பெரிய விமான நிலையங்களில் ஒலிபெருக்கி அறிவிப்பு இப்போது ரொம்பக் குறைவு, துபாயில் கூப்பிடுவதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையைத்தான் பார்க்கவேண்டும். கேட் மாறவும் செய்யும், ஆகையால் உட்கார்ந்தபிறகும் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்துபோய்ப் பார்க்கவேண்டும். போர்டிங் பாஸில் போர்டிங் நேரம் என்று ஒன்று இருக்கும், அம்மா அதைத்தான் பிடித்துக்கொள்ளவேண்டும், விமானம் கிளம்பும் நேரத்தை மறந்தே விடலாம். கிளம்புவதற்கு 20 நிமிஷம் முன்பே கதவை அடைத்துவிடுவார்கள்.

துபாய். எமிரேட்ஸ் விமானம் டெர்மினல் 3-இல் வந்து நிற்கும். இறங்கியதும் கூட்டம் இரண்டாகப் பிரியும், பாதிப் பேர் ஊருக்குள் போகிறவர்கள், அவர்கள் பின்னால் போய்விடக்கூடாது. கனெக்‌ஷன்ஸ் என்ற பலகையைப் பார்த்துப் போகவேண்டும், அந்த வார்த்தையை இங்கிலீஷில் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். அங்கே இன்னொரு பாதுகாப்புச் சோதனை, அது முடிந்தால் மறுபடியும் பலகை. கேட் எண்ணுக்கு முன்னால் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து இருக்கும், அதுதான் எந்தப் பக்கம் போகவேண்டும் என்பது. பி-க்கும் ஏ-க்கும் நடுவில் ஒரு குட்டி ரயில் ஓடுகிறது, டிக்கெட் கிடையாது, ஏறி இறங்கவேண்டியதுதான். பலகையில் ஊர் பெயரையும் விமான எண்ணையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அமெரிக்கா போகிற விமானத்துக்குக் கேட் பக்கத்திலேயே இன்னொரு சோதனையும் கேள்வியும் இருப்பதுண்டு, அதனால் நாலரை மணி நேரம் இருக்கிறதே என்று கடைசிவரை தூரத்தில் உட்கார்ந்திருக்காமல் இரண்டு மணி நேரம் முன்பே கேட் பக்கம் போய்விடுவது நல்லது.

கைக்கடிகாரம் கட்டிப் போகிறார்களா? துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். போர்டிங் பாஸில் உள்ளது அந்தந்த ஊர் நேரம். இந்திய நேரத்தில் ஓடும் கடிகாரத்தைப் பார்த்தால் "ஐயோ, நேரம் போயிற்று" என்று நெஞ்சு அடைக்கும். சுவரில் உள்ளதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது நிறைய பேருக்குத் தெரியாது. அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் பேச முடியாது, கூப்பிட்டால் இணையாது. எழுத்தும் குரல் பதிவும் போகும். விமான நிலையத்தில் இலவச வைஃபை உண்டு, அதற்கு இந்திய எண்ணுக்கு ஓடிபி எல்லாம் வேண்டியதில்லை. அம்மாவுக்குக் குரல் பதிவு அனுப்பச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அது போகாமல் இரண்டு பக்கமும் அழுதுகொண்டிருப்பீர்கள்.

ஓய்வு_டிடிஆர்:

எல்லாரும் துபாய்க்குப் போய்விட்டீர்கள். தம்பி தாம்பரத்துக்கே போய்ச் சேரவில்லை.

15-ஆம் தேதி விடிகாலை 4 மணி விமானம் என்கிறீர்கள். 14 இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் தாம்பரம் வருவது 15 காலை, வெளிச்சம் வந்தபிறகு. அப்போது உங்கள் விமானம் அரபிக்கடலைத் தாண்டிக்கொண்டிருக்கும். 14 ராத்திரி 12 மணிக்கெல்லாம் நீங்கள் விமான நிலைய வாசலில் நிற்கவேண்டியவர்கள். 13 இரவு வண்டிக்கு மாற்றுங்கள், அல்லது 14 காலை வந்தே பாரத். அது நெல்லையில் 6 மணி வாக்கில் எடுத்து மதியம் தாம்பரம் வந்துவிடும். இன்றைக்கே செய்யுங்கள்.

நான் வேலையில் இருந்தபோது இதே கணக்கில் ஏமாந்து விழுப்புரம் தாண்டும்போது என்னிடம் வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். நடுராத்திரிக்கு மேல் உள்ள நேரம் என்றால் தேதியில் ஒன்றைக் கழித்து "14 ராத்திரி" என்று காலண்டரில் எழுதவேண்டும்.

முக்கூடலான்:

ஐயா, கை நடுங்குகிறது. உண்மையாகவே நான் அதை யோசிக்கவில்லை, 14 ராத்திரி கிளம்பினால் 15 விடிகாலை என்று மனசுக்குள் ஒரு கணக்கு. டிக்கெட்டைக் காட்டிய இடத்தில்கூட யாரும் சொல்லவில்லை. 13 இரவுக்கு இப்போதுதான் போட்டேன், ஆர்ஏசி வந்திருக்கிறது. குரோம்பேட்டையில் சித்தப்பா வீடு இருக்கிறது, 14 பகல் முழுக்க அங்கே இருந்துவிட்டு இரவு போகிறோம். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, சொன்னால் பயணமே வேண்டாம் என்பாள்.

வீல்சேர் பற்றி வீட்டில் சண்டை. அம்மா நாற்காலியில் உட்காரமாட்டேன் என்கிறாள், "கையும் காலும் நல்லாருக்கயிலே சப்பாணி மாதிரி என்னைய ஏம்ல உருட்டணும்" என்கிறாள்.

வள்ளியூர்_மருமகள்:

உங்க அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது தம்பி, ஆனால் பாதி நியாயம்தான்.

என் மாமியாரை இரண்டு விதமாகவும் அனுப்பியிருக்கிறேன். முதல் தடவை வீல்சேர். 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்தில் சொல்லிப் பதிந்துவிட்டோம். சென்னையில் பிரமாதம், தனி வரிசையில் சோதனையெல்லாம் சீக்கிரம் முடிந்தது. மாறுகிற ஊரில்தான் கஷ்டம் (எந்த ஊர், எந்த கம்பெனி என்று சொல்லவில்லை). நாற்காலிக்காரர்களையெல்லாம் ஒரு மூலையில் கொண்டுபோய் வரிசையாக உட்காரவைத்து, போர்டிங் பாஸையும் வாங்கி வைத்துக்கொண்டு, கூப்பிடும்வரை அங்கேயே இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மாமியாருக்கு ஒன்றுக்குப் போகவேண்டும், யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை, எழுந்து போனால் நாற்காலி போய்விடுமோ, விமானம் போய்விடுமோ என்று மூன்று மணி நேரம் அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார். வந்து சேர்ந்ததும் அதைத்தான் முதலில் சொன்னார். இரண்டாம் தடவை "நான் நடந்தே போறேன் தாயி" என்று சொல்லிவிட்டார், நடந்தேதான் போனார், ஒரு குறையும் இல்லை.

அதற்காக வீல்சேர் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மொழி தெரியாதவர்களுக்கு அது ஒரு துணைதான். ஆனால் நிஜமாகவே நடக்க முடியாத வயசாளிகள் நாற்காலிக்காக நிற்கும்போது, கால் நல்லா இருக்கிற நாலு பேர் வரிசையில் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஒப்பவில்லை. பாண்டி தம்பி கோபிக்கவேண்டாம். உங்க அம்மா எண் வாசிப்பார்கள், எழுத்துக் கூட்டுவார்கள், கணக்குக்கு நின்று சண்டை போடுவார்கள் என்கிறீர்கள், விமான நிலையத்துக்கு இதற்குமேல் என்ன படிப்பு வேண்டும்?

ஒரு யோசனை. ஒரு நாள் அம்மாவை நெல்லை ஜங்ஷனுக்குக் கூட்டிப்போங்கள். ஒரு தாளில் ஒரு வண்டியின் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, நீங்கள் வெளியே டீக்கடையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். பலகையைப் பார்த்து எந்த பிளாட்பாரம் என்று கண்டுபிடித்து அங்கே போய் நின்று உங்களுக்குப் போன் செய்யவேண்டும். யாரிடமும் கேட்கக்கூடாது. நாங்கள் மாமியாரை அப்படித்தான் பழக்கினோம், மூன்றாவது வண்டிக்கெல்லாம் அவருக்கே விளையாட்டாகிவிட்டது.

ஒரு தாளும் எழுதிக் கொடுங்கள். மேலே தமிழில் "எனக்கு இங்கிலீஷ் தெரியாது, டல்லாஸ் போகும் கேட் எங்கே?", அதற்குக் கீழே அதையே இங்கிலீஷில் பெரிய எழுத்தில். அக்கா முகவரி, போன் எண், உங்கள் எண் அதே தாளில். யூனிஃபார்ம் போட்டவர்களிடம் மட்டும் நீட்டச் சொல்லுங்கள். கூட வரும் பயணிகள் யாராவது "இந்தப் பையை மட்டும் வச்சுக்கோங்கம்மா" என்றால் எவ்வளவு நல்லவர்களாகத் தெரிந்தாலும் வாங்கக்கூடாது, இதை மட்டும் சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள். நம்ம ஊர் அம்மாக்கள் இரக்கப்பட்டு வாங்கிவிடுவார்கள்.

உடன்குடி_கருப்பட்டி:

பெட்டியில் என்ன கட்டுகிறீர்கள் என்று யாருமே கேட்கவில்லையே. பிரசவத்துக்குப் போகிற அம்மா சும்மாவா போவார்கள்.

டிக்கெட்டில் எத்தனை பெட்டி, ஒன்று எத்தனை கிலோ என்று எழுதியிருப்பதைப் பாருங்கள், அமெரிக்காவுக்குப் பெரும்பாலும் ஒரு பெட்டிக்கு 23 கிலோ. வீட்டுத் தராசில் 22-இல் நிறுத்துங்கள். இல்லையென்றால் கவுண்டர் முன்னால் தரையில் பெட்டியைத் திறந்து, உள்பாவாடையும் ஊறுகாயும் வெளியே கிடக்க மாற்றி மாற்றி அடைக்கவேண்டி வரும். அன்றைக்கு நான் பட்ட வெட்கம் எனக்குத்தான் தெரியும்.

பிரசவ லேகியம், ஊறுகாய், நல்லெண்ணெய், அல்வா, இதெல்லாம் பெரிய பெட்டியில்தான். கைப்பையில் வைத்தால் 100 மில்லிக்குமேல் உள்ள திரவம், களிம்பு என்ற கணக்கில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். அல்வா திரவமா என்று கேட்காதீர்கள், நெய் வடிகிற பண்டத்தை எக்ஸ்ரேயில் பார்க்கிறவனுக்கு அது தாமிரபரணித் தண்ணீரில் கிண்டியது என்று சொன்னால் விளங்கவா போகிறது. பொடி வகைக்குத் தனிச் சட்டம் உண்டு. அமெரிக்கா போகிற விமானத்தில் 350 மில்லி அளவுக்குமேல் பொடி கைப்பையில் இருந்தால் தனியாகச் சோதிப்பார்கள், சந்தேகம் வந்தால் விடமாட்டார்கள், 2018 ஜூனிலிருந்து இப்படி. ஆகவே இட்லிப் பொடி, சாம்பார் பொடி, சுக்குப் பொடி மூன்றும் பெட்டிக்குள்.

கொப்பரைத் தேங்காய் பெட்டியில் போடவே கூடாது, எண்ணெய்ச் சத்து, சூட்டில் தானே தீப்பிடிக்கும் சாமான் என்று 2022-இல் தடை போட்டுவிட்டார்கள். பவர் பேங்க் நேர்மாறு, அது கைப்பையில்தான் இருக்கவேண்டும். கசகசா ஒரு சிட்டிகைகூட வேண்டாம், அமீரகத்தில் அது போதைப் பொருள் கணக்கு, பெட்டி அந்த வழியாகத்தானே போகிறது, எதற்கு வம்பு. கறிவேப்பிலை அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள், எலுமிச்சை மரங்களைக் கெடுக்கும் ஒரு பூச்சி அதில் தொற்றிவருகிறதாம். டல்லாஸில் இறங்கியதும் சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்லிவிடவேண்டும், சொன்னால் பார்த்துவிட்டு விடுவார்கள், இல்லையென்று சொல்லி எடுத்தால் அபராதம்.

கருப்பட்டி தாராளமாகக் கொண்டுபோகலாம். ஆனால் எக்ஸ்ரேயில் கன்னங்கரேலென்று கட்டி கட்டியாகத் தெரியும், திறந்து பார்ப்பார்கள் என்று இப்போதே நினைத்துக்கொள்ளுங்கள், ஓலைக் கொட்டானில் வைக்காமல் கண்ணாடிப் பையில் போட்டுவிட்டால் கிழிக்காமல் பார்ப்பார்கள். மாத்திரையும் மருந்துச் சீட்டும் கைப்பையில்.

நாஞ்சில்_மக்கா:

முக்கூடல்காரன் சென்னைக்கு எதுக்கு மக்கா போறான்? அறுநூறு கிலோமீட்டர் வடக்கே போய்த் துபாய்க்குத் திரும்புகிறான். நெல்லையிலிருந்து திருவனந்தபுரம் நூற்றைம்பதுதான், அங்கேயும் எமிரேட்ஸ் வருகிறது, இடமும் சின்னது, வழி தப்பவே முடியாது. ஒன்றே ஒன்று, பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசாமி ஆராட்டு (சாமி கடலில் நீராடும் விழா) அன்றைக்கு ஓடுபாதையைக் கடந்துதான் சாமி சங்குமுகம் கடலுக்குப் போகும், அதற்காகச் சில மணி நேரம் விமானத்தையே நிறுத்திவிடுவார்கள். விமான நிலையம் வருவதற்கு முன்பிருந்தே அது சாமி போகிற வழி.

முக்கூடலான்:

அடுத்த தடவை கண்டிப்பாகத் திருவனந்தபுரம்தான், இப்போது மாற்றினால் பாதிப் பணம் போய்விடும்.

வள்ளியூர் அக்கா, நீங்கள் சொன்னபடி நேற்று அம்மாவை ஜங்ஷனுக்குக் கூட்டிப்போனேன். முதல் வண்டிக்கே சரியாகப் போய் நின்றுவிட்டு, "பெட்டி எங்க நிக்கும்னும் பாத்துட்டேன், டீ குடிச்சது போதும் வா" என்று போன் செய்கிறாள். வீல்சேர் இல்லை என்று முடிவாகிவிட்டது.

முக்கூடலான்:

இரண்டரை வாரம் கழித்து எழுதுகிறேன். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். குழந்தை இன்னும் வரவில்லை, அம்மா வந்துவிட்டாள் என்று அக்கா அழுகிறாள்.

இங்கே சொன்னவை எல்லாம் அப்படியே நடந்தன. சென்னையில் வாசலில் கண்ணாடிக்கு வெளியே நின்று, கவுண்டரில் பெட்டி போடுகிறவரை தூரத்தில் தலை தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. இரண்டு போர்டிங் பாஸும் கொடுத்திருக்கிறார்கள். பெட்டிச் சீட்டில் எழுத்தைப் பார்க்கவேண்டும் என்று குனிந்து பார்த்து, இவள் எழுத்துக்கூட்டி முடிக்கும்வரை அந்தப் பெண் பெட்டியைத் தள்ளாமல் காத்திருந்ததாம். சாராயக் கடைக்குள் போனதும் வழி தப்பிவிட்டதோ என்று ஒரு நிமிஷம் நின்றிருக்கிறாள், அப்புறம் தென்காசிக்காரர் எழுதியது ஞாபகம் வந்து நடந்துவிட்டாள். துபாயில் கேட் ஒரு தடவை மாறியது, பி-யிலிருந்து ஏ, ரயிலில் ஏறிப் போயிருக்கிறாள். குரல் பதிவில் "கூட்டமே இல்லாத ரயிலு, ஒரு டிடிஆர் கிடையாது" என்று வந்தது. ஐயா கவனிக்க.

டல்லாஸில் விரல் ரேகை வைக்கும் இடத்தில்தான் நேரமாகிவிட்டது. இலை வெட்டி, பீடி சுற்றிச் சுற்றி ரேகை தேய்ந்துபோயிருக்கிறது, சென்னையில் விசாவுக்கே நாலைந்து தடவை அழுத்தச் சொன்னார்கள். அங்கேயும் துடைத்துத் துடைத்து வைத்து கடைசியில் விழுந்துவிட்டது. கருப்பட்டிப் பையைத் திறந்து பார்த்து, முகர்ந்துவிட்டு மூடினார்களாம்.

யாரும் சொல்லாதது ஒன்று நடந்திருக்கிறது. வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீர் பாட்டிலைச் சென்னையில் சோதனையில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். அதற்கு அப்புறம் உள்ளே ஒரு பாட்டில் விலையைப் பார்த்திருக்கிறாள், வாங்கவில்லை. துபாயில் கையில் இருந்தது நான் கொடுத்த டாலர் நோட்டு, தண்ணிக்குப் போய் டாலரை மாற்றுவதா என்று அதையும் எடுக்கவில்லை. விமானத்தில் கொடுத்த சின்னக் குவளையோடு சரி, நாலரை மணி நேரமும் நாக்கு வறள உட்கார்ந்திருந்திருக்கிறாள். அக்காவிடம் போய் இரண்டு நாள் கழித்துத்தான் சொல்லியிருக்கிறாள், என்னிடம் இன்னும் சொல்லவில்லை.

வள்ளியூர்_மருமகள்:

அடப்பாவமே. எங்களுக்கும் தோன்றவில்லை பாருங்கள். தண்ணீர்தான் விடமாட்டார்கள் தம்பி, வெறும் பாட்டிலை விடுவார்கள். சோதனைக்கு முன்னால் குடித்துக் காலி செய்துவிட்டு உள்ளே கொண்டுபோனால், கழிவறைப் பக்கம் குடிதண்ணீர்க் குழாய் இருக்கும், காசு கிடையாது, பிடித்துக்கொள்ளலாம். துபாயிலும் உண்டு. திரும்பி வரும்போதாவது மறக்காமல் சொல்லி அனுப்பச் சொல்லுங்கள் உங்க அக்காவை.